ஒரே மட்டம்

எனக்கு ஃபோட்டோ எடிட்டிங் தெரியும் என்று சொன்னது பொய். யாரும் கேட்காமலே சொன்னேன் என்பது அதைவிடக் கேவலம். போன வைகாசியில் நெடுங்காட்டில், என் மனைவியின் அண்ணன் வீட்டில், அவர் மகள் கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க யாரிடம் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "கடையில எதுக்கு? டிசைன நான் பண்ணித் தர்றேன்" என்று கூட்டத்தில் கையைத் தூக்கினேன். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் ஃபைல் பார்ப்பவன் நான். கணினியில் அதுவரை நான் ஆற்றிய கலைப்பணி, சக ஊழியர்களின் பாஸ்போர்ட் படங்களில் பின்னணியை வெள்ளையாக்கிக் கொடுத்தது மட்டும்தான். அதிலும் ஒருவருக்கு இடது காது போய்விட்டது.

சாதாரண ஃப்ளெக்ஸ் என்றால் காது போனாலும் பொறுத்துக்கொள்வார்கள். இது அப்படியல்ல. எனக்கு மச்சான்மார் இரண்டு பேர். பெரியவர், பெண்ணின் அப்பா, நெடுங்காட்டிலேயே இருக்கிறார். சின்னவர் வரிச்சிக்குடியில். வயல் மட்டும் இருவருக்கும் அடுத்தடுத்து. பெரியவருடையது மேலே, சின்னவருடையது கீழே. வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வந்த ஒரு குறுவையில் யார் முதலில் பாய்ச்சுவது என்று தகராறு. ஊரார் நடுவில் பெரியவர், "கீழ வயக்காரன் கீழதான் நிக்கணும்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது தண்ணீரைப் பற்றி. அது போய் விழுந்த இடம் வேறு. அதற்குப் பிறகு அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை.

கல்யாணப் பெண்ணோ சித்தப்பா தோளில் வளர்ந்தவள். "சித்தப்பா வந்து நிக்காம நான் மணையில உக்கார மாட்டேன் மாமா" என்று என்னிடமே சொன்னாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமாக இல்லை. என் மனைவி வரிச்சிக்குடிக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் சின்னவர் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். "வாசல்ல கட்டுற ஃப்ளெக்ஸ்ல அண்ணன் படமும் எம் படமும் ஒரே மட்டத்துல இருக்கணும். அவ்வளவுதான்க்கா."

மட்டம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் உண்டு. அது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன். மேலே நடுவில் பிள்ளையார், இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. பெரியவர் படத்தைக் குத்துமதிப்பாகக் கையாலேயே வைத்துவிட்டேன். சின்னவர் படத்தையாவது முறையாக வைப்போமே என்று ஒரு வீடியோவைப் பார்த்து 'ஸ்னாப்' என்ற வசதியை ஆன் செய்தேன். ஒரு படத்தை நகர்த்தினால், அருகில் உள்ள இன்னொன்றின் விளிம்போடு அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்டத்தான் ஒட்டியது. அண்ணனோடு ஒட்டாமல், ஒரு மயிரிழை கீழே போய் ஒட்டியது. மேலே தூக்கினேன், இறங்கியது. மறுபடி தூக்கினேன், மறுபடி இறங்கியது. சாஃப்ட்வேரை மூடித் திறந்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்த்தது. இணையத்தில் எவனோ ஒருவன், 'திரையில் கோணலாகத் தெரிவது கண்ணின் பிழை. மென்பொருளை நம்புங்கள்' என்று எழுதியிருந்தான். படித்தவன் எழுதியதை நம்புவது என் நெடுநாள் வியாதி. நம்பிச் சேமித்து, அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

திரையில் மயிரிழையாக இருந்தது ஃப்ளெக்ஸில் ஒரு விரற்கடையாக வளர்ந்துவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் காலை மண்டப வாசலில் கட்டினோம். சின்னவர் பைக்கில் வந்தார், வண்டியை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"இதுலயும் நான் கீழதானா மச்சான்?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். களைத்துப்போய்க் கேட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உள்ளே பெண்ணுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரிவதற்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரிச்சிக்குடிக்கு ஓடினேன். சின்னவர் முகம் கொடுக்கவில்லை.

"பெரியவர் பேச்சு இதுல ஒண்ணுமே இல்லப்பா. நானா எறக்கல, அதுவா எறங்குது" என்றேன்.

"படம் எப்புடி மச்சான் அதுவா எறங்கும்?"

"நீயே தூக்கிப் பாரு."

மவுஸைப் பிடித்துத் தன் படத்தைத் தானே மேலே தூக்கினார். விட்டதும் அது விசுக்கென்று கீழே இறங்கியது. இன்னொரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். இறங்கியது.

"என்னா மச்சான், அண்ணன் இதுக்கிட்டயும் சொல்லி வச்சிருக்காரா?"

அவருக்கே உதடு லேசாகக் கோணியது. அந்தத் தைரியத்தில் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தேன்.

"அது என்னா ரோஸ் கோடு?" என்றார். படம் இறங்கும்போதெல்லாம் மெல்லிய கோடு ஒன்று குறுக்கே மின்னி மறைந்தது.

"அது சும்மா வரும்" என்றேன். இத்தனை நேரமும் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை மவுஸை வாங்கிக்கொண்டது. கோடு போன வழியே போனேன். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் போய் முடிந்தது. பிள்ளையாரை மெதுவாக ஓரம் தள்ளினேன். அவருக்கு அடியில், சின்னதாக, 'உ'.

பிள்ளையார் சுழி. எந்தக் காகிதத்தில் எழுதினாலும் முதலில் அதைப் போட்டுவிட்டுத்தான் எனக்குக் கை ஓடும். புதுக் கோப்பு திறந்ததும் இங்கேயும் தட்டெழுதியிருக்கிறேன். பிறகு பிள்ளையார் படத்தைக் கொண்டுவந்து அதன் மேலேயே வைத்து, சுத்தமாக மறந்துவிட்டேன். கண்ணுக்குத்தான் அது மறைந்தது, கணினிக்கு மறையவில்லை. சின்னவர் படம் ஒவ்வொரு தடவையும் அதன் தலையோடு போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டத்தான் அந்த ரோஸ் கோடு மின்னியிருக்கிறது.

சின்னவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "சாமியவே அடியில போட்டு அமுக்கிட்டு, என்னைய தூக்கப் பாத்தியளா மச்சான்!"

அழிக்கப் போனேன். "வேணாம், கல்யாண வேலை. அது இருக்கட்டும்" என்று தடுத்தார். ஸ்னாப்பை மட்டும் அணைத்துவிட்டு, அவரே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அண்ணன் தோளுக்கு நேராகத் தன் தோளைக் கொண்டுபோய் வைத்தார். அன்று மாலையே புது ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது.

கல்யாணத்தன்று விடியலில் மண்டபத்துக்குப் போன எனக்கு உயிரே போய்விட்டது. கட்டியவர்கள் கயிற்றைச் சரியாக இழுக்கவில்லை. ஃப்ளெக்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இப்போது பெரியவர் ஒரு சாண் கீழே இருந்தார். யாரையாவது கூப்பிடலாம் என்று திரும்புவதற்குள் சின்னவர் குடும்பத்தோடு வந்து இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி, அண்ணன் பக்கத்துக் கயிற்றை இழுத்தார். நாற்காலி ஆடியது. வாசலுக்கு வந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பாத்துடா."

"நீங்க நாக்காலிய நல்லாப் புடிங்க. பேச்சு அப்பறம்."

பெண் மணையில் உட்கார்ந்தாள். சித்தப்பா பக்கத்திலேயே நின்றார். நான் பந்தியில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

இன்றும் வீட்டுச் சுவரில் காலண்டர் சாய்ந்திருந்தால் நேராக்க என் கை போவதில்லை. எதன் பின்னால் எதை நானே மறைத்து வைத்திருக்கிறேனோ, யார் கண்டது? இந்த எண்ணத்தை அன்றே ஒரு ஞானமாக நினைத்துக்கொண்டு, ஊர் திரும்பும் பேருந்தில் மனைவியிடம் விளக்கிக்கொண்டு வந்தேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"மொத ஃப்ளெக்ஸயே தம்பி பக்கம் ஒரு வெரக்கட தூக்கிக் கட்டியிருந்தா முடிஞ்சிருக்குமேங்க?"