பேட்டரிக்குப் பூசிய சந்தனம்

ஆயுத பூஜையன்று எங்கள் பழைய காரின் பேட்டரி ஒயர்களைக் கழற்றித் துடைத்தேன். பக்தி முற்றி, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் சந்தனம் பூசி, அதன்மேலேயே ஒயர்களை மாட்டினேன்.

மூன்றாம் நாள் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே கேட்டில், தண்டவாளத்தின் நடுவே கார் நின்றுவிட்டது. ஹாரன்கூட அடிக்கவில்லை. பின்சீட்டில் மனைவியும் கைக்குழந்தையும்.

"கொழந்தைய தூக்கிகினு அம்மாவ எறங்கச் சொல்லு சார்! வண்டி வர்ற நேரம்!" என்று கத்திய கேட்மேன், என்னோடு சேர்ந்து காரை வெளியே தள்ளிவிட்டு கேட்டை மூடினார். அடுத்த நிமிடமே ரயில் கடந்து போனது.

பானெட்டைத் திறந்து பார்த்த கேட்மேன், "இன்னா சார் இது, சந்தனமா? காஞ்சிபோய் கரண்ட்டையே மறிச்சிகினு கீது!" என்றார். சுரண்டியதும் கார் கிளம்பியது.

இப்போதெல்லாம் பொட்டு பானெட்டுக்கு மேலேதான். பேட்டரிக்கு வெறும் கும்பிடு, அதுவும் எட்ட நின்று.