அண்ணனுக்கு வைத்த மீசை

என் அண்ணனுக்கு மீசை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலம்பாளையத்தில் வேறு யாரைக் கேட்டாலும் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள். பட்டாளத்தில் சேரும்போது அவன் மேலுதட்டில் பூனைமுடி போல நாலு இழை இருந்தது. லீவில் வரும்போதெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று அதைத் தடவித் தடவிப் பார்ப்பான். "தண்ணி ஊத்திப் பாரு சாமி, மொளைச்சாலும் மொளைக்கும்" என்று அம்மா கிண்டல் செய்வாள். அது முளைப்பதற்குள் எல்லையில் குண்டு பட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான்.

ஊர்க்காரர்கள் சேர்ந்து ரோட்டு முக்கில் அவனுக்கு மார்பளவு சிலை வைத்தார்கள். அப்போது அங்கே ஒரு வேப்பமரம், அதற்கப்பால் சோளக்காடு, அவ்வளவுதான். திறப்பு விழா வரைக்கும் சிலையை வெள்ளைப் பனியன் துணி போர்த்தி மூடி வைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தண்ணீருக்குப் பஞ்சம் வரும், பனியன் துணிக்கு வராது. துணியை இழுத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளே இருந்தவருக்குக் காவல் தெய்வம் மாதிரி இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏனுங்க, இது ஆருங்க?" என்றாள்.

கைதட்டல் நின்றுபோனது. "வீரன்னா மீசை இருக்கோணுமுங்கம்மா" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சமாதானம் சொன்னார்.

"எம்பட பையனுக்கு இல்லீங்களே."

யாரோ சட்டென்று மைக் செட்டில் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அன்றைக்குத் தலையைத் திருப்பிக்கொண்டவள்தான், அதற்குப் பிறகு அம்மா அந்தச் சிலையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

சோளக்காட்டில் முதலில் ஒரு பனியன் கம்பெனி வந்தது. கம்பெனிக்கு டீக்கடை வந்தது, டீக்கடைக்குப் போட்டியாகப் பேக்கரி வந்தது, வேப்பமரம் போய் செல்போன் கடை வந்தது. கம்பெனி வேன்கள் ஆள் ஏற்ற நிற்கும் இடத்துக்கு மீசை ஸ்டாப் என்று பேராகிவிட்டது. வடக்கேயிருந்து வந்த பையன்களும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தின வாரம் போர்டு எழுதும் பெயின்டர் வந்து சிலைக்கு வர்ணம் பூசுவார். சட்டைக்குப் பச்சை, மீசைக்குக் கறுப்பு. வருஷத்துக்கு வருஷம் மீசை தடித்துக்கொண்டே போனது.

சிலைக்கு எதிரில் இருக்கும் பனியன் கம்பெனியில்தான், தைத்து வந்த பனியன்களைப் பழுது பார்க்கும் செக்கிங் செக்‌ஷனில் எனக்கு வேலை. வேலைக்கு நடுவில் ஜன்னலைப் பார்த்தால் எவனாவது பீடத்தின்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போவான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வெளியே ஓடிப்போய்ச் சத்தம் போடுவேன். வீட்டில் வந்து சொன்னால் அம்மா அசையமாட்டாள். "அதாரோ ஒருத்தரு. அவரு தலையிலயா வெச்சாங்க? உடு."

போன வருஷம் ரோட்டை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். சிலையை எடுத்துக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்க வேண்டியதாயிற்று. அன்றைக்குச் சாப்பாடு போடும்போது அம்மா தானாகவே பேச்சை எடுத்தாள்.

"எடுக்கறதுதான் எடுக்கறாங்க, அந்த மீசையையும் எடுத்துரச் சொல்லு. ஊட்டுல இருக்கற போட்டோவும் வெளுத்துப்போச்சு. சாகறதுக்குள்ள அவன் மூஞ்சிய ஒருக்காப் பாத்துக்கறேன்."

இத்தனை வருஷம் அவள் அதை விழுங்கி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே ஊர்க்காரர்களிடம் போய் நின்றேன். பேக்கரிக்காரருக்குத்தான் ரொம்ப வருத்தம். அவர் கடையின் பேரே மீசை ஸ்டாப் பேக்கரி. "மீசைய எடுத்துட்டா கடைக்கு எப்படீங்க வழி சொல்றது?" என்றார்.

"உங்களுக்குத்தான் நல்லா வளந்திருக்குதே, நீங்க போயி பீடத்து மேல நின்னுக்குங்க" என்றேன். அவரே சிரித்துவிட்டார். ஒருவழியாகச் சம்மதித்தார்கள்.

கிரேன் வந்து சிலையைத் தூக்கி இறக்கியது. சிலை தரையில் மோதி உடைந்துவிடக் கூடாதென்று, பனியன் வெட்டியதில் மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணி மூட்டை ஒன்றைப் போட்டு அதன்மேல் உட்கார வைத்தோம். கொத்தனார் உளியைக் கையில் எடுத்துக்கொண்டார். பெயின்டர் டப்பாவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அம்மா வந்து எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். அத்தனை உயரத்தில் இருந்தவன் இப்போது அவள் கண்ணுக்கு நேராக இருந்தான்.

மூட்டையிலிருந்து ஒரு துண்டுத் துணியை உருவி அவன் மூக்கைத் துடைத்தாள், கன்னத்தைத் துடைத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். எனக்கு மீசை உண்டு. பாதிக்கு மேல் நரைத்துவிட்டது. என்னையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"ஆரம்பிக்கலாமுங்களாம்மா?" என்றார் கொத்தனார்.

"இருக்கட்டும் உடுங்க" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எத்தனை பேரிடம் வாய்ச்சண்டை போட்டு வாங்கிய சம்மதம்! "ஏம்மா, நீதான..."

"இருந்திருந்தா இந்நேரத்துக்கு மொளைச்சிருக்குமில்ல கண்ணு."

கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

அம்மா பெயின்டரைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, மீசையில கொஞ்சம் வெள்ளை வையுங்க. தம்பிக்காரனுக்கே நரைச்சுப்போச்சு, அண்ணனுக்கு மட்டும் கருகருன்னு இருக்குமாக்கு?"

பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் மெல்லிய பிரஷ்ஷை வெள்ளையில் தொட்டு ஒரு இழை இழுத்தார்.

"இன்னுங் கொஞ்சம்" என்றாள் அம்மா. சட்டையில் சொட்டிவிடாமல் அந்தத் துணியை அவன் தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள்.