நாற்பத்தேழாம் படத்தின் தலைப்பு

ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு மலர் போடலாம் என்று முடிவானபோது, உறுப்பினர்களின் படங்களில் பெயர் பொறிக்கும் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். இயற்பியல் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அதற்குப் பிறகு, கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கப் பழகியிருந்தேன். திண்டுக்கல்லில் என் வயதில் இதைச் செய்கிறவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பும் இருந்தது.

நூற்றுக்கு மேல் படங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து எழுதினால் ஒரு மாதம் ஆகும். கட்டளை என்றால் ஒரே வரி போதும். எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே அளவில் வெள்ளைப் பட்டை சேர்த்து, அதன் நடுவில் பெயரை உட்கார வைத்துவிடும். எழுத்து எந்தப் பக்கம் ஒட்ட வேண்டும் என்று சொல்லும் சொல்லுக்கு அதில் 'கிராவிட்டி' என்றுதான் பெயர். தெற்கு என்றால் கீழே, வடக்கு என்றால் மேலே. ஈர்ப்பு மேல்நோக்கி இழுப்பதைப் பார்த்துத் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

இரண்டு கோப்புறைகள் வைத்திருந்தேன். ஒன்று இருக்கிறவர்களுக்கு, கீழே பெயர் மட்டும். மற்றது காலமானவர்களுக்கு, அந்தப் படங்களின் மேலே 'நினைவில் வாழ்பவர்' என்று கூடுதலாக ஒரு வரி.

நாற்பத்தேழாம் எண் என் நண்பன். வடமதுரைக்காரன், கணக்கு வாத்தியார். ஆசிரியர் அறையில் இருபது வருடம் அவன் நாற்காலியும் என் நாற்காலியும் அடுத்தடுத்து இருந்தவை. மலர் வேலை நடந்துகொண்டிருந்தபோது மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். போய்ப் பார்த்தேன். மூக்கில் குழாய். அவன் மனைவி கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். பாதி கடைவாயில் வழிந்தது.

அன்று மாலையே அவன் படத்தை இரண்டாவது கோப்புறையிலும் ஒரு நகல் எடுத்து வைத்தேன். மலர் வெளிவருவதற்குள் போய்விடுவான் என்று நினைத்தேன். கடைசி நேரத்தில் அச்சகத்தைக் காக்க வைக்க வேண்டாமே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அத்தோடு விடவில்லை. அவன் படத்தில் தலைக்கு மேல் இடம் குறைவு. நான் எழுதிய வரி அவன் நரைமுடியில் இடித்தது. மேலே இன்னொரு பட்டை சேர்த்து, எழுத்தைப் புள்ளி புள்ளியாக ஏற்றி இறக்கி, அரை மணி நேரம் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். கச்சிதமாக அமர்ந்ததும் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அவன் பிழைத்துக்கொண்டான். இரண்டு வாரத்தில் வீடு திரும்பினான். நகலை அழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அச்சகத்துக்கு அனுப்பும் நாளில் இரண்டு கோப்புறைகளையும் ஒரே இடத்தில் கொட்டினேன். இரண்டிலும் அவன் படத்துக்கு ஒரே எண்தான் பெயர். பின்னால் போனது முன்னால் இருந்ததை அழித்துவிட்டு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நான் கொடுத்திருந்த கட்டளை அப்படி; பழையதை அழிக்கட்டுமா என்று கணினி ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் திறந்து பார்க்கவில்லை.

மலர் அவன் வீட்டுக்குத் தபாலில் போனது. ஒரு நாள் காலையில் அவன் மனைவி போன் செய்தார்.

"என்னண்ணே இது, இவுக இங்கன உக்காந்து இட்லி சாப்டுக்கிட்டு இருக்காக. புஸ்தகத்துல இப்படிப் போட்டிருக்கு?"

"அச்சகத்துல பண்ணுன தப்பும்மா, நான் கேக்குறேன்" என்றேன். யோசிக்கக்கூட நேரம் எடுக்கவில்லை.

செயலாளரிடமும் அதையே சொன்னேன். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனார். பக்கம் அமைக்கும் பெண்ணை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து, "உசுரோட இருக்க மனுசனைப் பேப்பர்ல கொன்னுட்டீங்களேம்மா" என்று சத்தம் போட்டார். அவள் என்னைப் பார்த்தாள். எழுத்து படத்தோடு சேர்ந்தே வந்தது என்று அவளுக்குத் தெரியும். "மன்னிச்சிருங்க சார்" என்று அவரிடம் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு நாள் கழித்து நண்பனே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று மூச்சு வாங்கினான்.

"செத்தவன் வந்திருக்கேன், பயந்துறாதப்பா."

நானும் சிரித்து உள்ளே கூப்பிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்.

"என்னால அந்தப் புள்ள ஏச்சு வாங்கிருச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வர அச்சகத்துக்குப் போனேன். எழுத்து படத்துலயே இருந்துச்சு, சார்கிட்ட இருந்து அப்படித்தான் வந்துச்சுங்குது. நெசமா?"

"நெசந்தான்."

"கம்ப்யூட்டர் தப்பா?"

ஆமாம் என்றால் அவன் நம்பியிருப்பான். அதில் பாதி உண்மையும் இருந்தது.

"இல்ல. நாந்தான் எழுதுனேன்."

"எப்ப?"

"ஆஸ்பத்திரியில உன்னைப் பாத்துட்டு வந்த அன்னைக்கு."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கு என் கையப் பிடிச்சுக்கிட்டு, அடுத்த வாரம் வீட்டுக்குப் போயிருவப்பா, மூஞ்சியிலயே தெரியுதுன்னு சொன்ன. டாக்டரு சொன்னதெல்லாம் நான் காதுல வாங்கல. நீ சொன்னதத்தான் நம்பிக்கிட்டுக் கிடந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டான்.

மறுநாள் செயலாளரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நண்பன் மாதக் கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறான். என் பக்கத்தில்தான் உட்காருகிறான். வெயிலைத் திட்டுகிறான், செயலாளரைக் கேலி செய்கிறான். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டால் மட்டும், "இருக்கேன்" என்று முடித்துவிடுகிறான். பிறகு முன்வரிசைக்காரரைத் தட்டிக் கூப்பிட்டு, நேற்று எத்தனை படி ஏறினான், எந்தப் படியில் மூச்சு வாங்கியது, டாக்டர் எந்த மாத்திரையை நிறுத்தினார் என்று ஒன்று விடாமல் சொல்கிறான். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொள்கிறேன்.