நாகலெட்சுமி நடித்த பிணம்

வீரம்மாவின் கைகள் பொன்னையாவை இடப்பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தன. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். பாரிசவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் அண்ணன் அவர். அழுக்கு விரிப்பை முதுகோரம் சுருட்டி, புதியதைப் பக்கத்தில் விரித்து, மறுபடி இந்தப் பக்கம் புரட்டி இழுத்தால் ஆளைத் தூக்காமலே வேலை முடிந்துவிடும். ஹட்டனில் ஆறு மாதம் முதியோர் பராமரிப்புப் படித்து, கொழும்பில் பதினொரு வருடம் பிறத்தியார் வீட்டுக் கிழவர்களைப் பார்த்த கைகள்.

"பெரியம்மா, நாலு மணிக்குப் படம் போடுறோம். கட்டாயம் வரணும்."

வாசலில் பிரேமினி நின்றாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாடகம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். லயத்து வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்களையே நடிக்கவைத்து 'பெரட்டுக்கு வந்த பொணம்' என்று முக்கால் மணி நேரப் படம் ஒன்றை எடுத்திருந்தாள். மறுநாள் காலை ஹட்டனுக்குக் கொண்டுபோய்த் திரைப்பட விழாக்காரர்களிடம் கொடுக்க வேண்டும்.

"நாகலெட்சுமி ஆடுற ஆட்டத்தைப் பாக்க நான் எதுக்கு?"

"நீங்க மாட்டேன்னீங்க. அதனாலதானே அவங்களக் கேட்டோம்."

அது உண்மை. பிணமாகப் படுத்துக்கிடக்க நேரமில்லை என்று வீரம்மா சொல்லியிருந்தாள். ஆனால் யோசனை சொல்ல நேரம் இருந்தது. செத்தவர்களுக்குத் தாடையைச் சுற்றித் துணி கட்டுவார்கள், கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார்கள், அப்புறம் உன் பிணம் எப்படி நடக்கும் என்று கேட்டவள் அவள்தான். பிரேமினி அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் நாகலெட்சுமி கால் கட்டோடு தேயிலை நிரைக்குள் தத்தித் தத்திக் குதித்த ஒரு வீடியோத் துண்டு எல்லார் போனிலும் சுற்றியது. இப்போது பிள்ளைகள் அவளைக் கண்டால் குதிக்கிறார்கள். அக்கரப்பத்தனையில் தேத்தண்ணிக் கடை பாவா நானா அவளுக்குப் பிளேன்டீயை இனாமாகக் கொடுத்தாராம். யோசனை யாருடையது என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை.

போனாள். குறை கண்டுபிடிக்கவே போனாள்.

கதை இதுதான். ஒருத்தி செத்துப்போகிறாள், செத்தது அவளுக்கே தெரியவில்லை. விடிந்ததும் பெட்டியிலிருந்து எழுந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் குதித்துக்குதித்து வருகிறாள். வேலை வாங்கும் கண்டாக்கு தலையை நிமிர்த்தாமலே, "ஏன் லேட்டு?" என்கிறார். பெண்கள் அவரிடம் வாய் திறக்க நடுங்குகிறார்கள். "அந்தக்கா செத்துருச்சுன்னு ஐயாகிட்ட நீ சொல்லு." "நான் மாட்டேன், நீ சொல்லு." யாரும் சொல்லவில்லை. பிணம் மலைக்குப் போய் எல்லாரையும்விட வேகமாகக் கொழுந்து பறிக்கிறது. அதைக் காட்டிக் காட்டி உயிரோடு இருப்பவர்களுக்கு ஏச்சு விழுகிறது.

பள்ளிக்கூட மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. வீரம்மாவுக்கும் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டாள். பிணத்துக்குப் பயப்படாத சனம் கண்டாக்குக்குப் பயப்படுவது, படத்தின் உயிரே அதுதான். நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலும் அதனால்தான்.

நல்லவேளையாகக் குறைகளும் இருந்தன. தாடை கட்டிய பிணம் ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரித் தெளிவாகப் பேசியது. சாம்பிராணிப் புகையில் பாதி நேரம் ஆள் முகமே தெரியவில்லை. செருப்பைத் தொலைத்துவிட்டுப் பிணம் தேடும் வேடிக்கை நாலு தடவை வந்தது. ஒரு தடவை போதும். பூசாரி வேப்பிலையோடு துரத்தும் இடம் இழுத்துக்கொண்டே போனது. ஒவ்வொன்றாக எண்ண எண்ண வீரம்மாவுக்கு மனம் லேசானது.

கடைசியில் இரண்டு நிமிடக் காட்சி ஒன்று வந்தது. செத்தவள் சாவதற்கு முந்தின நாள். படுக்கையில் கிடக்கிறாள். விரல்கள் கம்பளியைக் கிள்ளுகின்றன. கிள்ளிக் கிள்ளி, கைநிறைந்ததுபோல் தோளுக்குப் பின்னால் போடுகின்றன. கூடை இல்லை, கொழுந்து இல்லை.

கொழும்பில் எட்டுப் பேரிடம் வீரம்மா அதைப் பார்த்திருந்தாள். இறுதி நெருங்கும்போது கைகள் விரிப்பைப் பறிக்கும். வீட்டார் அரிப்பு என்று நினைப்பார்கள். நாகலெட்சுமிக்கு எப்படித் தெரிந்தது?

எப்படி என்று வீரம்மாவுக்குத் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் அம்மா காளியாயி சாகக் கிடந்தபோது, வீரம்மா கொழும்பில் வேறொருத்தியின் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நாகலெட்சுமி. லீவு கிடைத்து வந்து சேர்ந்தபோது அம்மாவுக்குத் தாடை கட்டியிருந்தார்கள்.

விளக்குப் போட்டதும் படம் பிடித்த வினோஜன் எழுந்தான். "கடைசி சீன வெட்டிருவோம் டீச்சர். சிரிச்சுக்கிட்டிருந்த ஆளுங்க கப்புனு அடங்கிட்டாங்க."

பிரேமினி வீரம்மாவைப் பார்த்தாள். "சாகப்போறவங்க நெசமா இப்படிச் செய்வாங்களா பெரியம்மா? நெசம்னா வெட்ட மாட்டேன். நீங்க சொல்றதுதான்."

"நான் எத்தனையோ பேரப் பாத்திருக்கேன். ஒருத்தரும் செஞ்சதில்ல. வெட்டிப் போடு."

நாகலெட்சுமி திரும்பி அவளைப் பார்த்தாள். "படிச்சவங்க சொன்னாச் சரிதான்," என்றாள். அவ்வளவுதான். சண்டைக்கு வந்திருந்தால் வீரம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சோறு இறங்கவில்லை என்று சொல்ல முடியாது, இறங்கியது. தூக்கமும் வந்தது. விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போதுதான் உறைத்தது. நோயாளி செய்ததைச் செய்யவில்லை என்று சொல்வது அவள் தொழிலில் மன்னிக்க முடியாத குற்றம். நேற்று அவள் பொய் சொன்னது நாகலெட்சுமியைப் பற்றி அல்ல, அம்மாவைப் பற்றி.

பஸ் நிற்கும் இடத்துக்கு வேகமாக நடந்தாள். பிரேமினி மடிக்கணினிப் பையோடு நின்றிருந்தாள்.

"வெட்டிட்டியா?"

"ராத்திரியே வெட்டிட்டோம்."

"திரும்பச் சேரு. நேத்து நான் சொன்னது பொய். சாகப்போறவங்க செய்வாங்க."

"பொய்யா? ஏன் பெரியம்மா?"

"ஏன்னு கேட்டா பஸ்சு வந்துரும். அடுத்த பஸ்ல போ. செருப்புத் தேடுறதுல மூணை வெட்டு, படத்தோட நீளம் சரியாப்போகும்."

லயத்துக்குத் திரும்பி வந்தபோது நாகலெட்சுமி, கொழுந்து பறிக்கப் போகப் படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சீன சேக்கச் சொல்லிட்டேன்," என்றாள் வீரம்மா. "எங்கம்மா எத்தன நாள் அப்படிச் செஞ்சாங்க?"

"ரெண்டு நாளு."

"படுத்துக்கிட்டே எப்படித் தோளுக்குப் பின்னால போட்டாங்க?"

"முடியலதான். கோவம் வந்துருச்சு அவங்களுக்கு. நான் பின்னால உக்காந்து நிமித்திப் புடிச்சுக்கிட்டேன். அப்புறம் நல்லாப் போட்டாங்க."

ஆறு மாதப் படிப்பில் அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"இவ்வளவு நாளா ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலையே அக்கா."

வீரம்மாவுக்கு மறுபடி எரிச்சல் வந்தது. குனிந்து, கூடையைத் தூக்கி அவள் முதுகில் வைத்தாள். கயிறு நெற்றியில் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்தாள்.

"போ. நேரமாச்சு," என்றாள்.