எட்டு வருடச் சவாரி

என் அத்தானின், அக்காவின் கணவரின், இடுப்பு எலும்பை உடைத்தவர் போம் அண்ணை. இத்தனை வருடமாக இதை வீட்டுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

அவர் பெயரை நான் எழுதத் தேவையில்லை. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் ஒஸ்லோவில் வந்து இறங்கிய எங்களில் பாதிப் பேருக்கு, போம் என்று நாங்கள் சொல்லும் படிவங்களை நிரப்பித் தந்த அவர் போம் அண்ணைதான். எங்கள் எல்லோருக்கும் முன்பே நோர்வேஜிய மொழியைப் பிடித்துக்கொண்டவர் அவர். அகதி விண்ணப்பம், வீட்டு விண்ணப்பம், வேலை விண்ணப்பம், எல்லாப் படிவத்தையும் ஒஸ்லோவின் குறொன்லாண்டில் இருந்த தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பித் தருவார். நாங்கள் கையெழுத்துப் போடுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க எங்களுக்குத் தெரியாது. அவர் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்வார். சுவர் முழுக்கக் கோப்புகள். அலுவலகம் எதை வாசிக்க விரும்புகிறதோ அதை எழுதுவதில் அவர் கெட்டிக்காரர். உண்மையைக் கொஞ்சம் வெட்டுவார், கொஞ்சம் நீட்டுவார். பிறகு எங்களை இருத்தி ஒன்றைப் பாடமாக்கச் சொல்லுவார்: "போமிலை எழுதினதுக்கு மாறா ஒரு சொல்லு வாயிலையிருந்து வரக்கூடாது. எத்தினை தரம் மாத்தி மாத்திக் கேட்டாலும் போமிலை உள்ளதுதான் உண்மை. மாறினியள் எண்டால் அடுத்த பிளேன்." அந்தப் பயத்தில்தான் நாங்கள் இந்த நாட்டில் வேரூன்றினோம். அதில் அவருக்கு நன்றி சொல்லாத வீடு இல்லை. எங்கள் வீடும் சொன்னது.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி. ஊரில் சமாதானப் பேச்சு நடந்த காலம். அப்போது அவர் எங்கள் சங்கத்தின் தலைவர். ஒருநாள் கூட்டத்தில் எழும்பி, "எங்கடை ஆக்கள் வேலையும் வீடும் கோயிலும் எண்டு கிடக்கினமாம், நோர்வேயைப் பாக்கேல்லையாம். வெள்ளைக்காரர் நக்கலடிக்கிறாங்கள். இந்தமுறை வடக்கை போய்க் குதிரையிலை அஞ்சு நாள் சுத்திக் காட்டுவம்" என்றார். அவரோடு சேர்த்து ஏழு பேர் பெயர் கொடுத்தோம். என் அக்கா வரவில்லை. அத்தான் வந்தார். அவர் ஒஸ்லோவில் டிராம் ஓட்டினவர், எதையும் பகிடியாக எடுக்கிற மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒஸ்லோவுக்கு வெளியே லோறென்ஸ்கூக் பக்கத்தில் ஒரு பண்ணைக்குக் கூட்டிக்கொண்டுபோய் அரை மணித்தியாலம் வட்டத்துக்குள் எங்களை நடத்தினார்கள். ஒருவன் முன்னால் நின்று குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். நான் முதன்முதலில் குதிரையைத் தொட்டது அன்றைக்குத்தான். அத்தானும் அப்படித்தான்.

படிவங்களை வழக்கம்போல அண்ணை நிரப்பினார். நாங்கள் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டோம். அப்போது எங்களுக்கு மொழி தெரியும். பதினைந்து வருடமாக நான் ஒரு முதியோர் இல்லத்தில் நோர்வேஜிய மொழியில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆனாலும் அண்ணை நீட்டிய தாளை ஒருவரும் வாசிக்கவில்லை. வாசித்தால் அவரை நம்பவில்லை என்றாகிவிடும். விமானத்தில் அவர் பின்னால் திரும்பி, "எல்லாருக்கும் கொஞ்சம் பழக்கம் இருக்கெண்டு போட்டிருக்கு. கேட்டா ஓம் எண்டுங்கோ" என்று மட்டும் சொன்னார். அத்தான், "டிராமுக்குப் பிரேக் இருக்கு அண்ணை, உதுக்கு எங்கை கிடக்கு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார்.

வழிகாட்டி ஐம்பது வயதை ஒட்டிய பெண். வெயிலிலும் குளிரிலும் காய்ந்த முகம். வலது கையில் சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. கதை குறைவு. முதல் பார்வையிலேயே எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. எங்கே நின்றாலும் எங்களை எண்ணினாள், உதடு அசைய ஒன்று, இரண்டு என்று. ஒவ்வொரு குதிரையிலும் சேணத்தை இறுக்கும் வயிற்று வாருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். நாங்கள் ஏறிய பிறகு இன்னொரு தரம் பார்த்தாள். இளைப்பாறும்போதெல்லாம் சின்னக் கொப்பியில் ஏதோ எழுதினாள். நான் வேலை செய்த இடத்தில் எங்கள் ஆட்களின் வேலை முறை முடிந்ததும் கரண்டிகளை எண்ணுகிற ஒரு மேலாளர் இருந்தாள், எங்கள் முறைக்கு மட்டும். அதனால் எண்ணுகிற வெள்ளைக்காரியைக் கண்டால் எனக்கு ஆகாது. இவள் எங்களைப் பற்றித்தான் எழுதுகிறாள், யாருக்கோ அனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, எந்தக் குதிரையின் முதுகில் எங்கே சேணம் உரசுகிறது என்று எழுதிவைத்திருக்கிறாள்.

புறப்படும் காலையில் அவள் எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தி, "நீங்கள் எல்லோரும் பல வருடம் சவாரி செய்தவர்கள், சரிதானே?" என்று கேட்டாள். அவள் பக்கத்தில் நின்ற அண்ணை எங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து ஆம் என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம். பல வருடம் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. கொஞ்சம் என்று அண்ணை சொன்னதும் நினைவில் இருந்தது. இரண்டையும் ஒட்டிப் பார்த்திருக்கலாம். நான் அண்ணையைச் சந்தேகிக்கவில்லை, அவளைச் சந்தேகித்தேன். எங்களை மட்டம்தட்டத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு ஒரு சாம்பல் குதிரை. அத்தானுக்கு மண்நிறத்தில் ஒரு பெண் குதிரை. காது நிமிர்ந்து, நிற்கும்போதே காலை மாற்றி மாற்றி வைக்கும் துடிப்பான குதிரை. அண்ணைக்கு ஒரு கிழட்டுக் குதிரை. அதை ஒரு கயிற்றால் தன் குதிரையோடு கட்டி, அவரைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள் வழிகாட்டி. தலைவர் என்றபடியால் மரியாதை கொடுக்கிறாள் என்று நாங்கள் நினைத்தோம்.

முதல் நாள் சமநிலம். கணுக்கால் உயரச் செடிகளும் சதுப்பும் குட்டை பேர்ச் மரங்களும்தான் கண்ணுக்கு எட்டும் தூரம்வரை. வீடு இல்லை, கம்பி இல்லை, வேலி இல்லை. குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று பார்த்துக்கொண்டு தாமாகவே நடந்தன. அதனால் எங்கள் குட்டு வெளிப்படவில்லை. இரண்டாம் நாள் ஒரு சரிவில் இறங்கும்போது என் கால், அதை ஊன்றியிருந்த அங்கவடியை விட்டு வழுவியது. வழிகாட்டி அதைக் கண்டுவிட்டாள். எல்லோரையும் நிறுத்தி, என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்: "உண்மையைச் சொல். நீ முன்பு குதிரை ஓடியிருக்கிறாயா?"

அந்த நேரத்தில் என் வாய் தானாகவே திறந்தது. "எங்கள் நாட்டில் சின்ன வயதில் ஓடியிருக்கிறேன்" என்றேன். யாழ்ப்பாணத்தில் நான் ஓடினது அப்பாவின் பழைய சைக்கிள். பொய் சொல்ல வேண்டும் என்று நான் யோசித்துச் சொல்லவில்லை. அதிகாரி ஒருத்தி மாற்றிக் கேட்கிறாள், போமில் உள்ளதுதான் உண்மை, மாறினால் அடுத்த விமானம். பதினைந்து வருடத்துக்கு முன் பாடமாக்கியது. குடியுரிமை கிடைத்த பிறகும், திறந்த வெளியில் ஒரு குதிரையின் மேல் இருக்கும்போதும், அதுதான் வந்தது. அவள் என்னை இறக்கி, சாமான் சுமந்து வந்த சாதுவான குதிரையை எனக்குத் தந்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

பிறகு அத்தானிடம் போனாள். அவர் இடது பக்கமாகச் சாய்ந்து இருக்கிறார், காலில் ஏதாவது பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டாள். அத்தானின் இடது தொடையில் ஊரில் விழுந்த செல் குண்டின் துண்டு இன்னும் இருக்கிறது. அந்தக் காலால் எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. டிராமில் அது தெரியாது, குதிரையில் அதுதான் எல்லாம். அத்தான் என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், இல்லை என்றார். அவள் நம்பவில்லை. அவருடைய குதிரையையும் மாற்றுகிறேன் என்றாள். கயிற்றில் கட்டிய கிழட்டுக் குதிரையில் இருந்துகொண்டு அண்ணை நோர்வேஜிய மொழியில் சொன்னார்: "எங்களுக்குள் நன்றாக ஓடக்கூடியவர் அவர்தான்." தலைவரே அப்படிச் சொன்னதால் அவள் வற்புறுத்தவில்லை. பிறகு வாரைச் சரிபார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆறு. ஆழமில்லை, முழங்கால் தண்ணீர். அக்கரையில் மார்பளவு உயரத்தில் ஒரு கரை. எங்கள் குதிரைகள் நிதானமாக ஏறின. மண்நிறக் குதிரை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. அத்தானின் வலது கால் பிடித்தது, இடது கால் பிடிக்கவில்லை. அவர் பின்னுக்குச் சரிந்து கல்லின் மேல் விழுந்த சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும். வழிகாட்டி தண்ணீருக்குள் குதித்து, ஹெலிகாப்டர் வரும்வரை இரண்டு மணித்தியாலம் அவர் தலையைத் தன் மடியில் அசையாமல் பிடித்திருந்தாள். தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்திவிட்டு நனைந்த சட்டையோடு இருந்தாள். அண்ணை தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். கிட்டே வரவேயில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அக்கா அதற்குள் ஒஸ்லோவிலிருந்து வந்துவிட்டாள். நடைபாதையில் என்னைக் கூப்பிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். அத்தானின் படிவம்: எட்டு வருடச் சவாரி அனுபவம். பழைய காயங்கள்: இல்லை. கீழே அத்தானின் கையெழுத்து. என் படிவம்: எட்டு வருடம். மற்ற நாலு பேருக்கும் எட்டு வருடம். பிறகு அண்ணையின் படிவத்தைக் காட்டினாள். அதில், சவாரி அனுபவம் இல்லை, முதுகுவலி உண்டு, வழிகாட்டியின் பக்கத்தில் கயிற்றில் கட்டி ஓடும் இடம் வேண்டும் என்று இருந்தது. ஒரு குழுவில் பழக்கமில்லாத ஒருவரை மட்டும் அப்படிக் கூட்டிப்போவார்களாம். அந்த ஒரே இடத்தை அவர் தனக்கு எடுத்துக்கொண்டார். ஏழு படிவத்தில் உண்மை எழுதப்பட்ட ஒரே படிவம் அவருடையது. இதே அத்தானின் அகதி விண்ணப்பத்தில் இதே காலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவரும் அவர்தான். அந்தக் கால் அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நான் கேட்டேனே. ஏன் சொல்லவில்லை?" என்று வழிகாட்டி என்னிடம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டாள்.

அக்காவிடம் சொன்னேன். "வாயை மூடடி. எங்கடை முழு ஃபைலும் அவரிட்டைக் கிடக்கு. அவர் ஒரு கடிதம் போட்டால் காணும்" என்றாள். எங்களிடம் நோர்வே கடவுச்சீட்டு இருந்தது. அப்படியும் பயந்தோம். அண்ணை ஒருநாளும் எங்களை மிரட்டியதில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. சுவரில் அந்தக் கோப்புகள் இருந்தன, அது போதும்.

அந்த வருடக் கலைவிழாவில் அவர் மேடையில் ஏறி, எங்கள் ஆட்களுக்கு வேண்டுமென்றே அடங்காத விசர்க் குதிரையைக் கொடுத்த வெள்ளைக்காரியைப் பற்றிப் பேசினார். சனம் கைதட்டியது. நானும் முன்வரிசையில் இருந்தேன். சங்கத்தின் பெயரில் அவள்மேல் அவர் முறைப்பாடும் எழுதினார். அதுவும் ஒரு படிவம்தான். சில மாதம் கழித்து வடக்கில் அவள் வேலை செய்த குதிரைப் பண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் இப்போது யாரையும் கூட்டிப்போவதில்லை, அந்த முறைப்பாட்டுக்குப் பிறகு விட்டுவிட்டாள் என்றார்கள். அத்தான் பிறகு டிராம் ஓட்டவில்லை. ஊன்றுகோலோடு நடக்கிறார்.

போன மாதம் சங்கத்தின் மலர் வீட்டுக்கு வந்தது. அண்ணையின் சேவையைப் பாராட்டி ஆறு பக்கம். அதில் குதிரைக் கதையும் இருக்கிறது, அதே விசர்க் குதிரை, அதே வெள்ளைக்காரி. அத்தான் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். இந்த விஷயத்தில் அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. "விடு, எங்களை இஞ்சை இருக்கவைச்ச மனிசன்" என்பதோடு நிறுத்திவிடுவார். அன்றைக்கு மலரை மூடி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவள் பாவம். அவள் கேட்டவள். நான்தான் இல்லை எண்டனான். நீ எழுது." அக்கா அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "என்ரை பேரையும் சேர்த்து எழுது" என்றாள்.

ஆகவே அண்ணை, என் கோப்பை நானே திறக்கிறேன். நான் கொழும்பில் நின்றது ஐந்து மாதம். கொழும்பில் இருக்க முடிந்தவளை அகதியாக ஏற்கமாட்டார்கள் என்று நீங்கள் விண்ணப்பத்தில் ஐந்து நாள் என எழுதினீர்கள், நான் கையெழுத்துப் போட்டேன். கேட்டபோது ஐந்து நாள் என்றேன். இனி அதில் நீங்கள் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. குதிரையின் மேல் இருந்து நான் சொன்ன பொய்யையும் மேலே எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணின் வேலை போனதில் என் பங்கு அது.

உங்கள் பங்கை நீங்கள் சொல்ல வேண்டும். வருகிற விழாவில் உங்களுக்குப் பொன்னாடை போர்த்தப்போகிறார்கள். அத்தானும் அக்காவும் நானும் வருவோம். அந்த ஏழு படிவங்களையும் எழுதியவர் யார், கயிற்றில் கட்டிய குதிரையை உங்களுக்கு மட்டும் ஏன் கேட்டீர்கள், அவள்மேல் என்ன பிழை கண்டு முறைப்பாடு எழுதினீர்கள்? இந்த மூன்றுக்கும் அந்த மேடையில், எல்லோர் முன்னிலையிலும், மைக்கில் பதில் சொல்லுங்கள். தமிழில் சொல்லி முடித்ததும் நோர்வேஜிய மொழியிலும் சொல்லுங்கள், அவளுக்கு விளங்க வேண்டும்.