மூன்றரை மணித்தியாலத் தூரம்

கொழும்பிலிருந்து பாங்கொக்குக்கு விமானத்தில் மூன்றரை மணித்தியாலம். முல்லைத்தீவில் எங்கள் கரையிலிருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போக அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கும். அதனால் தம்பி வெளிக்கிட்டபோது நான்தான் வீட்டில் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். இழுவைப் படகுகள் அவனுடைய வலையை இரண்டாம் தரமும் அறுத்துக்கொண்டு போயிருந்தன. பாங்கொக் விமான நிலையத்திலிருந்து அரை மணித்தியாலத்தில், கடற்கரையோரமாக, கம்பியூட்டர் வேலை என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். தம்பிக்குக் கம்பியூட்டரைத் திறந்து மூடத்தான் தெரியும். அதுவே போதுமாம்.

அவன் பறந்த காலை, என் போனில் விமானத்தின் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சின்ன மஞ்சள் விமானம் கடலுக்கு மேலே ஊர்ந்தது. அம்மா செபமாலையைக் கீழே வைக்கவில்லை. ஆயுள் முழுக்கக் கடல்தொழில் செய்த அப்பா, அந்த இடத்தில் கடல் எவ்வளவு ஆழம் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. அந்த நகரத்துக்குக் கடல் எந்தப் பக்கம் என்றும் கேட்டார். போனில் வரைபடத்தைப் பெரிதாக்கி, தெற்கே என்று காட்டினேன். விமானம் இறங்கியதும் அம்மா செபமாலையை முத்தமிட்டு வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார். இருந்த பயம் முழுவதையும் நாங்கள் ஆகாயத்திலேயே செலவழித்துவிட்டோம்.

பின்னேரம் தம்பி அழைத்தான். அங்கே எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் முந்தி, பொழுது சரிந்திருக்கும்.

"இன்னும் வாகனத்திலதான் அக்கா. ஒரே ஓட்டம். பதியவேணும் எண்டு பாஸ்போட்டையும் வாங்கிப்போட்டாங்கள்."

அப்பா போனை வாங்கினார்.

"தம்பி, வெயில் எந்தப் பக்கத்தால அடிக்குது?"

"முகத்துக்கு நேர அப்பா. கனநேரமா."

அப்பா போனை என்னிடம் தந்துவிட்டுக் கதிரையில் இருந்தார். கடல் தெற்கே இருக்க, மேற்கால கொண்டுபோகிறார்கள் என்றார். றோட்டு என்றால் வளைந்துதான் போகும், சும்மா இருங்கோ என்று நான் அவரை ஏசினேன். பயத்தில்தான் ஏசினேன். அவருக்குத் தெரியாமல் படத்தைத் திறந்து மேற்கே தள்ளிப் பார்த்தேன். மலைகள். பிறகு ஓர் ஆறு, அதுதான் அடுத்த நாட்டுக்கு எல்லை. இருட்டுமுன் தம்பியின் போன் நின்றுவிட்டது.

சில நாட்களுக்குப் பிறகு, தெரியாத இலக்கத்திலிருந்து கதைத்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பெரிய மதிலுக்குள் வைத்திருக்கிறார்களாம். முகம் தெரியாத ஆட்களைப் போனில் ஏமாற்றுவதுதான் வேலையாம். மறுத்தால் அடியாம்.

"கேற்றில துவக்கோட நிக்கிறாங்கள் அக்கா. அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ."

அந்தக் குசுகுசுப்பை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பதுங்குகுழிக்குள் என்னுடன் அப்படித்தான் கதைப்பான். அந்தக் குரலை இனிக் கேட்கமாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

நான் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. எல்லோரும் முறைப்பாட்டை எழுதி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஏஜென்சிக்காரனின் போன் வேலை செய்வதில்லை. தம்பியும் பிறகு அழைக்கவில்லை. அப்பா கடலுக்குப் போவதை விட்டுவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் காலையில் எழும்பியதும் என்னிடம் கேட்பார்.

"பிள்ளை, அங்கையிருந்து திரும்பி வர எவ்வளவு நேரம்?"

"மூண்டரை மணித்தியாலம் அப்பா" என்று நானும் ஒவ்வொரு நாளும் சொல்கிறேன்.