மேல் பீலியில் எடுக்காத தண்ணீர்

பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் நாங்கள் செய்த செய்முறைகளுக்கெல்லாம் விடை முன்பே தெரியும். அளவீடு விலகினால் சீனியர்களின் கொப்பியைப் பார்த்துச் சரிசெய்துகொள்வோம். தொண்ணூறுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்து விரிவுரையாளர் ஒருவர் அதை மாற்றினார். அவரவர் ஊர்க் குடிநீரை மூன்று வாரம் எடுத்துவந்து கிருமி இருக்கிறதா என்று நாங்களே பார்க்க வேண்டும்.

"இதுக்கு விடை எனக்கும் தெரியாது. மழைக்குப் பிறகு எடுக்கிற தண்ணியைத்தான் வடிவாப் பாக்க வேணும்," என்றார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்லவில் ரயிலை விட்டு இறங்கி ஏறும் மலையில் இருந்தது. மலைத்தண்ணீர் குழாய் வழியாக விழும் பீலிகள் இரண்டு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளை லயம் என்போம். எங்கள் லயத்துப் பீலிக்குக் காட்டு ஊற்று. மேல் லயத்துப் பீலிக்கு, கக்கூஸ்களை ஒட்டி வரும் ஓடை. முதல் இரண்டு ஞாயிறும் வெயில். இரண்டு தண்ணீரும் சுத்தமாகவே இருந்தன. மூன்றாவது ஞாயிறு அடைமழை. ரயிலைத் தவறவிடுவேன் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு, இரண்டு போத்தலையும் எங்கள் பீலியிலேயே நிரப்பினேன். ஒன்றில் 'மேல் பீலி' என்று எழுதி ஒட்டினேன்.

அடுத்த முறை போனபோது, மேல் லயத்தில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வழிமறித்தார்.

"தங்கச்சி, எங்க பீலித் தண்ணி என்னா மாதிரி? வெறகெல்லாம் நனைஞ்சு கெடக்கு, காய்ச்ச முடியல."

"நல்ல தண்ணிதாங்க அக்கா. அப்படியே குடிக்கலாம்," என்றேன். நாக்கு கூசவில்லை.

இரண்டு வாரத்தில் அவருடைய சின்ன மகள் வயிற்றோட்டத்தில் சுருண்டுபோய் டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போனேன். பிள்ளையின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணியில ஒண்ணும் இல்லன்னு நீதான் பாத்துச் சொன்னியே," என்றார் அக்கா. "நான்தான் பழைய சோத்தக் குடுத்துட்டேன். என் புத்தியத்தான் செருப்பால அடிக்கணும்."

நான் அவருடைய கையைக்கூடப் பிடிக்கவில்லை. நேரே மேல் பீலிக்கு ஏறி, கொட்டும் மழையில் போத்தலை நிரப்பினேன். இரண்டு நாளில் ஆய்வுகூடத் தட்டு முழுக்கக் கிருமி முளைத்திருந்தது. விரிவுரையாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. மூன்றாவது வார அளவீட்டை அடித்துவிட்டு, 'எடுக்கப்படவில்லை' என்று என் கையாலேயே எழுதவைத்தார். மழை நாளின் முடிவை அன்றே தோட்ட நிர்வாகத்துக்கு அனுப்பினார்.

பிள்ளை பிழைத்து வந்தாள். அக்காவிடம், "இப்பத்தான் தண்ணி கெட்டுப்போச்சுங்க, காய்ச்சாம குடிக்காதீங்க," என்றேன். அதுவும் பொய். அவர் என் தலையைத் தடவி, "நீ படிச்சது எங்களுக்கு ஒதவுது," என்றார்.

மறு வருடம் மேல் லயத்துக்குக் காட்டு ஊற்றிலிருந்து புதுக் குழாய் போட்டார்கள். என் ஆய்வால் வந்தது என்று ஊரே சொன்னது. நான் மறுக்கவில்லை. பழைய சோறு கொடுத்தது தன் குற்றம் என்றே அந்த அக்கா இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்.